ஆங்கில வகுப்பில் தமிழுக்கு எத்தனை நிமிடம்?

மலை டீச்சர் (ஏற்காடு) எழுதியது:

"ஆங்கில வகுப்புக்குள் ஒரு தமிழ்ச் சொல்கூட விழக் கூடாது." போன வாரம் ஒரு பயிற்சிக் கூட்டத்தில் கருத்தாளர் இப்படிச் சொன்னார். கூடியிருந்த ஆசிரியர்கள் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள். என்னால் எழுத முடியவில்லை. அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

சேர்வராயன் மலையில் உண்டு உறைவிடப் பள்ளி ஒன்றில் ஆறு, ஏழாம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். பெரும்பாலும் 'மலையாளி' என்று பெயர் கொண்ட இந்த மலைப் பழங்குடியின் பிள்ளைகள். அவர்கள் வீட்டில் பேசுவது மலைத் தமிழ். பாடநூல் தமிழையே பள்ளிக்கு வந்துதான் பழகுகிறார்கள். ஆங்கிலம் அதற்கும் மேலே ஒரு படி.

ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் 'எ' (a), 'தி' (the) இரண்டையும் எங்கே போடுவது என்று புரியவைக்க இரண்டு ஆண்டுகள் போராடினேன். விதி சொன்னேன், சொல் எழுதிய அட்டைகளைக் காட்டினேன். எழுதச் சொன்னால் கண்ட இடத்தில் 'தி' போடுவார்கள், இல்லையென்றால் எங்குமே போட மாட்டார்கள். ஒரு நாள் கரும்பலகையில் இரண்டு வரிகள் எழுதினேன்.

முருகன் புத்தகம் வாங்கினான்.
முருகன் புத்தகத்தை வாங்கினான்.

இரண்டும் ஒன்றுதானா என்று கேட்டேன். வகுப்பு கொஞ்ச நேரம் யோசித்தது. கடைசி வரிசையில், வாயே திறக்காத ஒரு பெண் எழுந்தாள். "முதலில் ஏதோ ஒரு புத்தகம், டீச்சர். அடுத்ததில் நமக்குத் தெரிந்த புத்தகம்." அந்த 'ஐ' வரும் இடத்தில் 'தி', வராத இடத்தில் 'எ' என்று சொல்லிப் பயிற்சி கொடுத்தேன். அன்று பாதிக்கு மேல் சரியாக எழுதினார்கள்.

அந்தப் பத்து நிமிடமும் முழுக்கத் தமிழ்தான். நான் செய்தது தவறா?


அஸ்தம்பட்டிப் பயிற்சியாளர் எழுதியது:

டீச்சர், உங்கள் அக்கறையை மதிக்கிறேன். ஆனாலும் கருத்தாளர் பக்கம்தான் நிற்பேன்.

சேலத்தில் 18 ஆண்டுகளாக ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறேன். டிப்ளமா முடித்தவர்கள், பி.காம். முடித்தவர்கள், திருமணத்துக்குப் பிறகு வேலை தேடும் பெண்கள் வருகிறார்கள். செயப்பாட்டுவினை விதியைக் கேளுங்கள், தமிழில் மணியாகச் சொல்வார்கள். சென்ற மாதம் ஒரு தம்பி என் முன்னால் உட்கார்ந்திருந்தபோது பெங்களூர் நிறுவனம் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. முந்தின நாள்தான் இலக்கணத் தேர்வில் 50-க்கு 46 வாங்கியிருந்தான். "ஒன் மினிட் சார்" என்று சொல்லிவிட்டுப் போனை என்னிடம் நீட்டினான். கை நடுங்கிக்கொண்டிருந்தது. 12 ஆண்டுகள் ஆங்கிலம் படித்தவன். அந்தக் கை இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பாடவேளை 40 நிமிடம், ஆண்டுக்கு 200 நாள் என்று வைத்துக்கொண்டால் 133 மணி நேரம். இரண்டாம் மொழி வேறு, அயல்மொழி வேறு. தெருவிலும் கடையிலும் காதில் விழும் மொழியை இரண்டாம் மொழி என்கிறோம். செவ்வாய்ப்பேட்டையிலோ கொண்டலாம்பட்டியிலோ பள்ளி வாசலைத் தாண்டினால் எங்கே ஆங்கிலம் கேட்கிறது? நம் பிள்ளைகளுக்கு அது அயல்மொழிதான். அந்த 133 மணி நேரத்திலும் பாதியைத் தமிழில் விளக்கிக் கழித்தால் அவர்கள் அதை எங்கே போய்க் கேட்பார்கள்?

1878-இல் அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் பள்ளி தொடங்கிய பெர்லிட்ஸ், கற்கும் மொழியிலேயே கற்பிக்கும் நேர்முறையைப் பரப்பினார். பொருளைக் காட்டு, செய்து காட்டு, கேள்வி கேள், பதில் சொல்லவை. மொழிபெயர்ப்பு வேண்டாம். அதற்கு முன்பிருந்த இலக்கண மொழிபெயர்ப்பு முறை லத்தீன், கிரேக்கம் என்று வாசிக்க மட்டுமே தேவைப்பட்ட மொழிகளுக்காக வளர்ந்தது. நமக்குப் பேச வேண்டும்.


அம்மாப்பேட்டைத் தறி எழுதியது:

நான் ஆசிரியை இல்லை. பட்டுத்தறி நெய்கிறோம். மகள் ஆங்கில வழியில் ஐந்தாம் வகுப்புப் படிக்கிறாள். அவள் பள்ளியில் தமிழில் பேசினால் அபராதம். கடன் வாங்கித்தான் கட்டணம் கட்டுகிறோம்.

பக்கம் பக்கமாக ஆங்கிலம் வாசிக்கிறாள். கேட்க ஆசையாக இருக்கிறது. "இதில் என்ன கதை, கண்ணு?" என்று கேட்டால் விழிக்கிறாள். ஒரு வரியின் பொருளும் அவளுக்குத் தெரியவில்லை. பாவு மட்டும் நீளமாக ஓடிக்கொண்டிருக்கிறது, ஊடை விழவே இல்லை. துணி எப்படி வரும்?

அபராதத்துக்குப் பயந்து இப்போது பள்ளியில் எதுவுமே பேசுவதில்லையாம். தமிழும் இல்லை, ஆங்கிலமும் இல்லை. பயிற்சியாளர் ஐயா சொல்லும் முறை இதுதானா?


அஸ்தம்பட்டிப் பயிற்சியாளர் எழுதியது:

இல்லை, அம்மா. பிள்ளையிடம் அபராதம் வாங்குவதை நான் எந்நாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன். பயந்த மனத்துக்குள் மொழி இறங்காது. மொழியியல் அறிஞர் ஸ்டீபன் கிராஷன் இதை உணர்ச்சி வடிகட்டி என்பார்: அச்சமும் கூச்சமும் மிகுந்தால், காதில் விழுவது உள்ளே போகாமல் வெளியிலேயே நின்றுவிடும். வகுப்பில் ஆங்கிலம் பேச வேண்டியது முதலில் ஆசிரியர். பிள்ளை தமிழில் பதில் சொன்னால் நான் அதை ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்லி மேலே போவேன். தண்டிப்பது வேறு தொழில்.

உங்கள் மகள் எழுத்தை ஒலியாக்கக் கற்றிருக்கிறாள். அதுவும் ஒரு திறன்தான், பாதித் திறன். பொருள் தெரிந்த சொற்களை வாசிக்கும்போதுதான் மறு பாதி சேரும்.

மலை டீச்சருக்கு ஒன்று. உங்கள் 'ஐ' நுட்பம் அழகானது. ஆனால் எவ்வளவு தூரம் போகும்? 'ஆட்டைப் பார்த்தேன்.' ஏதோ ஓர் ஆடா, நம் வீட்டு ஆடா? உயிருள்ளவற்றுக்குத் தமிழில் 'ஐ' பெரும்பாலும் வந்தே தீரும். 'பஸ் வந்தது.' இங்கே எழுவாயில் எந்த உருபும் இல்லை. எந்த பஸ்? காலத்துக்கு வந்தால் இன்னும் சிக்கல். 'நேற்று வந்திருந்தேன்' என்று நாம் இயல்பாகச் சொல்வதைப் பிள்ளை அப்படியே பெயர்த்து, 'ஐ கேம் எஸ்டர்டே' என்பதற்குப் பதில் 'ஐ ஹேட் கம் எஸ்டர்டே' என்கிறான். தமிழ் வழியாகப் போனதால் வந்த பிழை இது.


மலை டீச்சர் எழுதியது:

ஆடு சரி, பஸ்ஸும் சரி. ஒப்புக்கொள்கிறேன். புத்தகம், பேனா, குடை என்று உயிரற்றவற்றில்தான் தொடங்கினேன். இரண்டு வாரம் கழித்து 'ஆட்டை' வந்தபோது பிள்ளைகளே முழித்தார்கள். "இந்த இடத்தில் தமிழ் உதவாது, கதையில் முன்பே வந்த ஆடா என்று பாருங்கள்" என்றேன். வீடு கட்டும்போது சாரம் கட்டுகிறோம். பூச்சு முடிந்ததும் அவிழ்த்துவிடுகிறோம். சாரம் கடைசி வரை நிற்காது என்பதற்காகக் கொத்தனாரை அந்தரத்தில் நின்று பூசச் சொல்வீர்களா?

செய்து காட்டச் சொல்கிறீர்கள். 'டயர்டு' என்ற சொல்லுக்குச் செய்து காட்டினேன். நெற்றியைத் துடைத்தேன், தலையைச் சாய்த்தேன், நாற்காலியில் சரிந்தேன். பிள்ளைகள் தலையாட்டினார்கள். மாலையில் நோட்டைத் திருத்தும்போது ஒருவன் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தான்: காய்ச்சல். நான் மொழிபெயர்க்காவிட்டாலும் அவன் மொழிபெயர்க்கிறான், சார். தனியாக, தப்பாக, எனக்குத் தெரியாமல். 'களைப்பு' என்று நான் ஒரு சொல் சொல்லியிருந்தால் மூன்று விநாடி ஆகியிருக்கும்.

'ஹேட் கம்' பிழைக்குத் தமிழ்தான் மூலம், மறுக்கவில்லை. அதனால்தான் அந்தத் தமிழை மேசைமேல் எடுத்து வைத்துப் பேச வேண்டும் என்கிறேன். ஒளித்து வைத்தால் பிழை போய்விடுமா? மொழியியல் அறிஞர் பிட் கார்டர் 1967-இலேயே சொன்னார்: அவசரத்தில் வரும் சறுக்கல் வேறு, முறையாகத் திரும்பத் திரும்ப வரும் பிழை வேறு. இரண்டாவது வகை, பிள்ளை தனக்குள் என்ன விதி வைத்திருக்கிறான் என்று காட்டிக்கொடுக்கும். 'ஹேட் கம்' என்று ஒருவன் எழுதினால் எனக்கு அடுத்த பாடம் கிடைத்துவிடுகிறது.


ஆத்தூர்ப் பெரியவர் எழுதியது:

ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியன். என் தந்தையும் ஆசிரியர்தான். இந்தச் சண்டை எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே நடந்தது.

1950-களின் இறுதியில் அன்றைய சென்னை மாநிலத்தில் ஒரு பெரிய முயற்சி நடந்தது. தொடக்கப் பள்ளிகளில் ஆங்கிலம் எடுக்கும் ஏறத்தாழ 27,000 ஆசிரியர்களுக்குப் புதிய முறையில் மறுபயிற்சி. சிலருக்குப் பயிற்சி கொடுப்பது, அவர்கள் இன்னும் பலருக்குக் கொடுப்பது, அவர்கள் மேலும் பலருக்கு. உருட்ட உருட்டப் பெருகுவதால் பனிப்பந்து என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். அமைப்பு முறை என்று சொல்லப்பட்ட அந்த வழியில், வாக்கிய அமைப்புகளை எளியதிலிருந்து கடினமானது வரை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றையும் சூழலோடு காட்டி, வாயால் சொல்லிப் பழக்க வேண்டும். என் தந்தைக்குக் கடைசி வளையத்தில்தான் பயிற்சி கிடைத்தது. மேலே புறப்பட்டபோது அதில் சூழல் இருந்திருக்கும், உயிர் இருந்திருக்கும். அவர் கைக்கு வந்து சேர்ந்தது ஓர் அட்டவணை மட்டும். 'திஸ் இஸ் எ பென், திஸ் இஸ் எ புக்.' பேனாவைக் கையில் எடுக்காமலேயே வகுப்பு முழுவதும் கத்தியது. நானும் அந்த வகுப்பில் கத்தியவன்.

கருத்தாளர் சொன்ன அந்த ஒற்றை வரியைக் கேட்டபோது எனக்கு அந்த அட்டவணைதான் நினைவுக்கு வந்தது. யாரோ எங்கோ காரணத்தோடு சொன்னது, காரணம் உதிர்ந்து கட்டளையாக வந்து சேர்ந்திருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இது நம் மண்ணிலேயே நடந்தது. சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்த என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை உள்ளிட்ட தென்னிந்திய ஊர்களின் சில பள்ளிகளில் ஒரு சோதனை நடத்தினார். இலக்கணத்தை வரிசைப்படுத்திக் கற்பிப்பதை விட்டுவிட்டு வேலை கொடுத்தார். ரயில் கால அட்டவணை, வரைபடம், கணக்கு. மனம் விடையைத் தேடும்போது மொழி தானாகப் படியும் என்பது அவர் நம்பிக்கை. இன்று உலகம் முழுவதும் பணிவழிக் கற்பித்தல் என்று பேசுகிறவர்கள் இதைக் குறிப்பிடாமல் போவதில்லை. நம் ஆசிரியர்களுக்கே இது தெரியவில்லை என்பதில் எனக்கு ஆற்றாமை உண்டு.


அஸ்தம்பட்டிப் பயிற்சியாளர் எழுதியது:

ஐயா, பிரபுவை நானும் படித்திருக்கிறேன். அவர் குழுவேலைக்கு இடம் கொடுக்கத் தயங்கினார். தம்மைப் போலவே அரைகுறையாகப் பேசுகிறவர்களிடமிருந்து பிள்ளைகள் எதைக் கற்பார்கள், ஆசிரியரின் மொழியைத்தான் அவர்கள் அதிகம் கேட்க வேண்டும் என்பது அவர் எண்ணம். நான் சொல்வதும் அதுதான். ஆசிரியர் வாயில் ஆங்கிலம் இருக்க வேண்டும்.


ஆத்தூர்ப் பெரியவர் எழுதியது:

தம்பி, நீங்கள் சொன்ன தகவல் சரி. ஆனால் அதே பிரபு 1990-இல், எல்லாருக்கும் பொருந்தும் சிறந்த முறை என்று ஒன்று கிடையாது என்று விரிவாக வாதிட்டவர். எந்த முறையாக இருந்தாலும் ஆசிரியர் உள்ளத்தில் 'இதனால்தான் இவர்கள் கற்கிறார்கள்' என்ற உணர்வு உயிரோடு இருக்கிறதா, இல்லையா என்று பார்க்கச் சொன்னார். மலை டீச்சரிடம் அது இருக்கிறது. உங்களிடமும் இருக்கிறது. கட்டளை போட்டுவிட்டுப் போனவரிடம்தான் எனக்குச் சந்தேகம்.


பி.எட். மாணவி எழுதியது:

ஐயா, டீச்சர், குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். கற்பித்தல் பயிற்சிக்காக இப்போது சேலத்தில் ஒரு பள்ளிக்குப் போகிறேன். பாடத்தில் எல்லாக் கலைச்சொற்களும் படித்தேன். அறிமுகம், பயிற்சி, ஆக்கம் என்ற மூன்று கட்டம், பதிலைப் பிள்ளைகளிடமிருந்தே வருவித்தல், சாரம் அமைத்தல், பொருள் பிடிபட்டதா என்று பார்க்கும் கருத்துச் சரிபார்ப்பு. தேர்வில் எழுதியும் விட்டேன். வகுப்பில் "புரிந்ததா?" என்று கேட்டால் 40 தலைகளும் ஆடுகின்றன. நோட்டைப் பார்த்தால் ஒன்றும் இல்லை. கருத்துச் சரிபார்ப்பை உண்மையில் எப்படிச் செய்வது?


அஸ்தம்பட்டிப் பயிற்சியாளர் எழுதியது:

"புரிந்ததா?" என்று இனிமேல் கேட்காதீர்கள், அம்மா. அதற்கு ஆம் என்றுதான் பதில் வரும். புரிந்திருந்தால் மட்டுமே சொல்லக்கூடிய பதிலைக் கேளுங்கள்.

'ஹி யூஸ்ட் டு வொர்க் இன் எ மில்' என்று சொல்லிக்கொடுத்தீர்கள். இப்போது மில்லில் வேலை செய்கிறாரா? நோ. முன்பு செய்தாரா? யெஸ். ஒரு நாள் மட்டுமா, பல நாளா? பல நாள். மூன்றும் சரியாக வந்தால் பொருள் பிடிபட்டுவிட்டது. இந்தக் கேள்விகள் கற்பித்த வாக்கியத்தைவிட எளிமையாக இருக்க வேண்டும், கற்பித்த அமைப்பே கேள்விக்குள் வரக் கூடாது. நான் இவற்றை ஆங்கிலத்தில்தான் கேட்பேன். உங்கள் பள்ளியில் முதல் மாதம் தமிழில் கேட்டால்... சரி, அதில் நான் சண்டைக்கு வரவில்லை.


ஆத்தூர்ப் பெரியவர் எழுதியது:

கேட்டுவிட்டுக் காத்திருக்கவும் வேண்டும், மகளே. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் அறிவியல் வகுப்புகளைக் கவனித்தார். கேள்வி கேட்ட ஆசிரியர் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுக்கிறார். அதை மூன்று விநாடியாக்கியபோது பதில்கள் நீண்டன, வாய் திறக்காதவர்களும் பேசினார்கள். தாய்மொழியிலேயே இப்படி என்றால், அயல்மொழியில் வாக்கியம் கட்டும் பிள்ளைக்கு இன்னும் கூடுதலாகக் கொடுங்கள். மனத்துக்குள் எண்ணுங்கள். முதல் நாள் அந்த அமைதி உங்களுக்கே தாங்காது.


அஸ்தம்பட்டிப் பயிற்சியாளர் எழுதியது:

தமிழில் விளக்கம் என்பதைக்கூட விட்டுக்கொடுப்பேன். ஒன்றை மட்டும் எந்நாளும் விட மாட்டேன். ஆங்கிலச் சொல்லின் கீழே உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் எழுதுவது. கைடுகளில் அச்சடித்தே விற்கிறார்கள். முதுகு, பை, பொட்டலம் மூன்றுக்கும் ஆங்கிலத்தில் மூன்று சொற்கள் (back, bag, pack). தமிழில் எழுதினால் மூன்றும் 'பேக்'. வல்லின எழுத்து ஒன்றே சொல்லின் இடத்துக்கு ஏற்ப ஒலி மாறுவது தமிழின் ஒழுங்கு. ஆங்கிலத்தில் அந்த ஒலி வேறுபாட்டினால் பொருளே மாறுகிறது. எழுத்தைப் பார்த்துப் பழகிய பிள்ளைக்குக் காது திறப்பதே இல்லை.

அழுத்தமும் அந்த எழுத்தில் தெரியாது. 'போட்டோகிராஃப்' என்பதில் முதல் அசை ஓங்கும். 'போட்டோகிராஃபர்' என்று நீண்டதும் ஓங்கல் இரண்டாம் அசைக்கு நகர்ந்துவிடும், முதல் அசை மங்கிப்போகும். நாம் எல்லா அசையையும் ஒரே கனத்தில் சொல்கிறோம். இதைக் கைதட்டிக் காட்டலாம், ரப்பர் வளையத்தை இழுத்துக் காட்டலாம். எழுதிக் காட்ட முடியாது.


அம்மாப்பேட்டைத் தறி எழுதியது:

ஐயா, இதைப் படித்ததும் மகளின் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தேன். ஒவ்வொரு சொல்லின் கீழும் தமிழில் எழுதியிருக்கிறது. எழுதியது நான்தான். ராத்திரி தறி நிறுத்தியபிறகு கைடைப் பார்த்து எழுதிக் கொடுத்தேன். உதவி செய்கிறேன் என்றுதான் நினைத்தேன்.


மலை டீச்சர் எழுதியது:

உதவிதான் செய்திருக்கிறீர்கள், அம்மா. இனி உச்சரிப்பை எழுதுவதற்குப் பதில் பொருளை எழுதுங்கள், அதுவும் தெரியாத சொல்லுக்கு மட்டும். வாசித்து முடித்ததும் கதையைத் தமிழில் உங்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள். வீட்டில் அபராதம் இல்லை.

உச்சரிப்பு விஷயத்தில் பயிற்சியாளர் சாரோடு முழுக்க உடன்படுகிறேன். நானும் எழுத விடுவதில்லை.


மலை டீச்சர் எழுதியது (ஒன்பது நாள் கழித்து):

பெரியவர் ஐயா பிரபுவைப் பற்றிச் சொன்னதிலிருந்து ஒரு யோசனை வந்தது. எங்கள் பிள்ளைகளுக்கு ரயிலைவிட மலைப்பாதை நன்றாகத் தெரியும். சேலத்திலிருந்து ஏறும்போது 20 கொண்டை ஊசி வளைவுகள். கரும்பலகையில் வரைந்தேன். ஒன்பது மணிக்கு ஒரு பஸ் முதல் வளைவிலிருந்து மேலே ஏறுகிறது, வளைவுக்கு வளைவு 3 நிமிடம். அதே நேரத்தில் இன்னொன்று இருபதாம் வளைவிலிருந்து இறங்குகிறது, வளைவுக்கு 2 நிமிடம். இரண்டும் எங்கே சந்திக்கும்?

கணக்கை விளக்கத் தமிழ் நான்கு நிமிடம். கடிகாரம் பார்த்தேன். அதன் பிறகு நான் ஆங்கிலம் மட்டும். இறங்கும் பஸ்ஸை 'டவுன் பஸ்' என்றேன். உடனே ஒருத்தி, "டவுன் பஸ் மலைக்கு வராதே, டீச்சர்" என்றாள். அங்கே மறுபடி அரை நிமிடம் தமிழ்.

பெரும்பாலோர் நடுவில், பத்தில் என்றார்கள். அப்போது 'காய்ச்சல்' என்று எழுதியிருந்த அதே பையன் எழுந்தான். நான் மனத்துக்குள் எண்ணிக்கொண்டு நின்றேன். ஏழு வரை எண்ணியிருப்பேன். "நோ டீச்சர். அப் பஸ் ஸ்லோ. டவுன் பஸ் ஃபாஸ்ட். மீட் நாட் டென். மீட் எய்ட் நைன் மிடில்."

விடை சரி. எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில்தான்.

"யெஸ், தே வில் மீட் பிட்வீன் எய்ட் அண்ட் நைன்" என்று திருப்பிச் சொல்லிவிட்டு மேலே போனேன்.


அஸ்தம்பட்டிப் பயிற்சியாளர் எழுதியது:

படித்துவிட்டு எழுந்து நடந்தேன், டீச்சர். அவ்வளவு மகிழ்ச்சி.

ஆனாலும் ஒன்று. திருத்திச் சொல்லிவிட்டு நகர்ந்ததை அவன் கவனித்திருப்பானா? கனடாவில் லிஸ்டர், ராண்டா இருவரும் பிரெஞ்சு வகுப்புகளை ஆராய்ந்து 1997-இல் எழுதினார்கள். ஆசிரியர்கள் அதிகம் கையாண்டது இந்த வழியைத்தான், மாணவர்கள் மிகக் குறைவாக எதிர்வினை காட்டியதும் இதற்குத்தான். "ஆமாம்" என்று ஆசிரியர் சொன்னதாக மட்டுமே பிள்ளை எடுத்துக்கொள்கிறான். "தே வில்..." என்று பாதியில் நிறுத்தி, அவனையே முடிக்கவைத்திருக்கலாம்.


மலை டீச்சர் எழுதியது:

கவனித்திருக்க மாட்டான். உட்கார்ந்து பக்கத்துப் பையனிடம் வளைவை எண்ணிக் காட்டிக்கொண்டிருந்தான்.

ஜூன் மாதத்திலிருந்து இந்த வகுப்பில் அவன் ஆங்கிலத்தில் வாய் திறந்தது அதுதான் முதல் முறை, சார். அன்றைக்கு அவனை நான் நிறுத்த மாட்டேன். 'பிட்வீன்' திங்கள்கிழமைக்கு இருக்கிறது. வேறு இரண்டு பஸ், வேறு வேகம். அப்போது நீங்கள் சொன்னபடி பாதியில் நிறுத்திப் பார்க்கிறேன்.